அப்பாவின் ஜின்செங் குப்பி

தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அப்பாவுக்கென்று ஒரு குப்பி கொண்டுவந்தான். கொரியச் சிவப்பு ஜின்செங் வேரின் சாறு. உள்ளங்கையில் அடங்குகிற கண்ணாடிக் குப்பி, கூடவே ஒரு குட்டிப் பிளாஸ்டிக் கரண்டி. உள்ளே கருகருவென்று, ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி இருந்தது. முகர்ந்தால் மண்வாசனை. நான் நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினேன். அப்பா முகம்கூடச் சுளிக்கவில்லை. "கசந்தாத்தான் மருந்து" என்றார்.

அப்பாவுக்கு 71 வயது. சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் பல வருடமாகப் போட்டுக்கொள்கிறார். வேர்தானே, அது என்ன செய்துவிடும் என்று நாங்கள் யாரும் அந்த மாத்திரைகளை நினைத்துப் பார்க்கவில்லை.

பாபநாசம் பக்கம் எங்களுக்கு நிலம். குறுவை நடவு நேரம். ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குக் கிளம்பிவிடுவார். "உங்கப்பாவுக்கு இருபது வயசு குறைஞ்சு போச்சுடா" என்று அம்மா போனில் தம்பியிடம் பெருமைப்பட்டுக்கொண்டாள். உண்மையில் மனுஷருக்குத் தூக்கம் வரவில்லை. ஜின்செங் சாப்பிடுகிறவர்கள் அதிகம் சொல்லும் தொந்தரவே அதுதானாம். தலைவலி, வயிற்றுக் கோளாறு, படபடப்பு எல்லாம் அதற்கு அப்புறம். இவரோ பொழுதுசாய இரண்டு டம்ளர் டிகிரி காபி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜின்செங். தூக்கம் எங்கிருந்து வரும்?

மூன்றாவது வாரம் ஒருநாள் முற்பகல், நாற்றுக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது. வீட்டுக்கு வண்டியை விரட்டி மிஷினை எடுத்துவந்து பார்த்தால் சுகர் 58-க்கு இறங்கியிருந்தது. நடவு ஆட்களுக்கு வந்த டீயில் சர்க்கரையை அள்ளிப்போட்டுக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

"மாத்திரை தவிர வேற ஏதாவது சாப்பிடுறீங்களாய்யா?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணுமில்லை" என்றார் அப்பா. பொய் இல்லை, அவர் கணக்கில் அது மருந்தே இல்லை. நான்தான் குப்பியைப் பற்றிச் சொன்னேன். ஜின்செங்குக்கே சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும் தன்மை உண்டு, கிளிமிபிரைடோடு சேர்ந்தால் கூடுதலாக இறங்கலாம் என்றார் டாக்டர். அன்று அப்பா காலைப் பலகாரமும் சாப்பிட்டிருக்கவில்லை. எல்லாப் பழியையும் வேரின் மேல் போட எனக்கும் மனமில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. சித்தப்பாவுக்கும் தினம் ஒரு கரண்டி போயிருக்கிறது! அவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு; ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ஜின்செங் அந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கக்கூடியது. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அப்பாவைவிட இதற்குத்தான் எனக்கு அடிவயிறு கலங்கியது. மறுநாளே ஐ.என்.ஆர். பார்க்க அனுப்பினோம்; ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு அது. நல்லவேளை, பெரிதாக இறங்கவில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் ஒரு வாரம், இரண்டு வாரம் முன்பே இதை நிறுத்தச் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் வேண்டாம் என்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் போல ஹார்மோன் சம்பந்தப்பட்ட நோய் இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

"அதுக்கு நம்ம ஊர் இந்திய ஜின்செங் இருக்கே" என்று அம்மா அமுக்கராப் பொடி வாங்கிவந்தாள். டப்பாவிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. அமுக்கரா கத்தரிக்காய்க் குடும்பத்துச் செடி; ஜின்செங்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வியாபாரத்துக்கு வைத்த பெயர். அதுவும் சர்க்கரையை இறக்கலாம், போதாததற்குத் தைராய்டு அளவையும் ஏற்றலாம். அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள்.

"நாலாயிரம் ரூபாப்பா அது" என்று தம்பி போனில் புலம்பினான். அடுத்த மாதம் டாக்டரிடம் போனபோது அப்பா ஒரு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்: ஜின்செங் குப்பி, அமுக்கராப் பொடி, பேர் தெரியாத ஒரு லேகியம், முட்டிவலித் தைலம். டாக்டர் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, தைலத்தை மட்டும் பையில் போட்டுக் கொடுத்தார்.