மரியாதைக்கு விழாதீங்க: சேலத்தில் ஐக்கிடோ

ஐக்கிடோ ஒரு ஜப்பானியத் தற்காப்புக் கலை. எங்கள் வகுப்பு நடப்பது அஸ்தம்பட்டி பக்கம், ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலில். ஆகவே எந்த நாள் வகுப்பு, எந்த நாள் லீவு என்பதைச் சென்சே, அதாவது வாத்தியார், முடிவு செய்வதில்லை, பஞ்சாங்கம் முடிவு செய்கிறது. முகூர்த்தம் காலையில்தானே, மாலை வகுப்புக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். முந்தின நாள் சாயங்காலமே ரிசப்ஷன் வைத்துவிடுகிறார்களே! தை, ஆவணி வந்தால் வாரத்துக்கு ஒரு வகுப்பு கிடைத்தாலே பெரிது. ஆடி, புரட்டாசி, மார்கழிதான் எங்களுக்கு நல்ல காலம். நான் சேர்ந்ததும் ஆடியில்தான். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்காகப் பஸ்ஸையெல்லாம் திருப்பி விட்டிருந்த வாரம் அது.

எனக்கு வயது 45-ஐத் தாண்டிவிட்டது. செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை. தரையில் சம்மணம் போட்டுக் குனிந்தபடியே சலங்கை பற்ற வைத்து வைத்து, கழுத்தும் தோளும் இறுகிப்போயிருந்தன. ஜிம் சலித்துவிட்டது. காந்தி ஸ்டேடியத்தில் நடந்து பார்த்தேன், அதுவும் நிலைக்கவில்லை. பட்டறைக்கு வரும் ஒருவர் இந்த வகுப்பைப் பற்றிச் சொல்லி அழைத்துப் போனார்.

சேருவதற்கு முன் சில வகுப்புகளை ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. முதல் நாளே பணம் கட்டுகிறேன் என்றாலும் வாங்க மாட்டார்கள். சென்சே ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வேலையில் இருந்த காலத்தில் பெங்களூரில் கற்றவர். "முதல்ல பாருங்க. வேணாம்னு தோணுச்சுன்னா ஒரு டீ குடிச்சுட்டுக் கெளம்பிடலாம்" என்றார். நல்ல வழக்கம் என்றுதான் தோன்றியது. வந்த வேகத்தில் ஓடிவிடுகிறவர்கள் அந்தக் கட்டத்திலேயே ஓடிவிடுகிறார்கள்.

வகுப்பு தொடங்குவது துடைப்பத்தோடு. முந்தின நாள் விசேஷத்தின் அட்சதை, ரோஜா இதழ், வெடித்த பலூன் எல்லாவற்றையும் பெருக்கி, பன்னீர் சிந்திப் பிசுபிசுத்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, அப்புறம்தான் மேட்டைக் கோக்க வேண்டும். டோஜோ என்றால் பயிற்சிக்கூடம். பழைய ஜப்பானிய டோஜோக்களில் வைக்கோல் ததாமி, எங்களுக்கு ஃபோம் மேட். சென்சேயும் ஒரு துடைப்பம் எடுத்துக்கொள்வார். செருப்பை வாசலைப் பார்த்தபடி விட வேண்டும். அப்புறம் வரிசையாக மண்டி போட்டு உட்கார்வது. இருபது வருஷத்துக்கு மேல் தரையில் உட்கார்ந்தவனுக்கு இது சுலபம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சம்மணம் வேறு, சேசா வேறு. கிட்டத்தட்ட வஜ்ராசனம்தான், ஆனால் சென்சே பேசி முடிக்கும்வரை அசையக் கூடாது. கணுக்கால் முதலில் கத்தும், பிறகு மரத்துப்போகும், எழும்போது தரை எங்கே என்றே தெரியாது. முழங்காலாலேயே நடக்கும் ஷிக்கோ பயிற்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. முழங்கால் உறை வாங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

முதல் சில மாதங்கள் முழுக்க விழுவது எப்படி என்பதுதான் பாடம். இதற்கு உகேமி என்று பெயர். பின்னால் விழும்போது ஒரு காலை மடித்து உட்கார்ந்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, பெல்ட் முடிச்சைப் பார்த்துக்கொண்டே உருள வேண்டும். உருள்வது தலைக்கு மேலாக இல்லை, ஒரு தோள் வழியாக. முன்னால் விழுவது இன்னும் நுணுக்கம். கையை வளைத்து நீட்ட வேண்டும். சுண்டுவிரல் ஓரம் முதலில் தரையைத் தொடும், அதிலிருந்து முழங்கை, தோள், முதுகின் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்பு என்று உடம்பு ஒரே கோட்டில் உருண்டு எழ வேண்டும். உடம்பில் எந்த இடம் கன்றிப்போகிறதோ, அந்த இடத்தில் வளைவு உடைகிறது என்று அர்த்தம். எனக்கு ஆரம்பத்தில் தோள் முனை, அப்புறம் இடுப்பெலும்பு. வீட்டில் தைலம் தேய்த்துவிட்டபடியே மனைவி சொன்னாள்: "உருள்றதுன்னா கோட்டை மாரியம்மன் கோயில்லயே உருண்டிருக்கலாம். ஃபீஸாவது மிச்சமாகியிருக்கும்."

வலது பக்கம் ஓரளவு சத்தமில்லாமல் உருள வந்துவிட்டது. இடது பக்கம் இன்னும் 'தொம்' என்றுதான் விழுகிறது. கழுத்து வலி நிஜமாகவே குறைந்திருக்கிறது. அது உகேமியாலா, வாரத்தில் சில மாலைகள் குனியாமல் இருப்பதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

நான் எழுத நினைத்த விஷயம் இனிமேல்தான். ஐக்கிடோவில் இருவர் சேர்ந்துதான் பயிற்சி. ஒருவர் பிடிப்பார் அல்லது அடிக்க வருவார், அவர் உகே. இன்னொருவர் அந்த வேகத்தை வாங்கித் திருப்பி அவரை வீழ்த்துவார், அவர் நாகே. வலது, இடது என்று சில முறை செய்துவிட்டு இடம் மாற்றிக்கொள்வோம். பெரும்பாலான பிரிவுகளில் போட்டி கிடையாது. டோமிகி கென்ஜி வழி வந்த பிரிவில் மட்டும் உண்டு. போட்டி இல்லாத இடத்தில் நாம் செய்வது சரியா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் எதிரில் நிற்பவர்தான். அவர் பிடிக்கிற பிடி பொய்யாக இருந்தால் கற்பது முழுக்கப் பொய்.

நம் ஊரில் சிக்கல் அங்கேதான். என்னோடு அடிக்கடி ஜோடி சேர்வது ஒரு கல்லூரிப் பையன். தங்கமான பையன். என் மணிக்கட்டைத் தொட்டும் தொடாமலும் பிடிப்பான். "ஏப்பா, கெட்டியா புடி" என்றால், "இல்லீங்கண்ணா, பரவால்லீங்கண்ணா" என்பான். நான் திரும்பத் தொடங்கும்போதே போய்ப் படுத்துவிடுவான். பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும். ஒருநாள் சென்சே பார்த்துவிட்டார்.

"அவர் இன்னும் ஒண்ணுமே பண்ணலியே, நீ ஏன் படுத்துட்ட?"

பையன் நெளிந்தான்.

"மரியாதையெல்லாம் ஆரம்பத்துல குனிஞ்சு கும்பிடறோம் பாரு, அதோட முடிஞ்சுபோச்சு. மரியாதைக்கு விழாத. அவர் கீழ தள்ளுனா மட்டும் விழு."

அன்று முழுவதும் ஒரே ஒரு உத்தி, ஷிஹோ நாகே. பிடித்த கையோடு சேர்ந்து நுழைந்து திரும்பி, எதிராளியின் கையை அவர் தோளுக்குப் பின்னால் மடக்கி வீழ்த்துவது. பையன் அழுத்திப் பிடித்ததும் நடந்ததே வேறு. பிடி இறுக்கமாக இருந்தால் நான் இடுப்பைத் திருப்பும்போது அவன் கையோடு தோளும் வரும், தோள் வந்தால் நிலை தடுமாறும். பிடி தளர்ந்திருந்தால் கை மட்டும்தான் வரும், ஆள் அப்படியே நிற்பான். இத்தனை நாள் நான் வீழ்த்தியது யாரையுமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஐக்கிடோ வீடியோக்களைப் பார்த்துவிட்டு "எல்லாம் நாடகம்" என்கிறவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. உகே மரியாதைக்கு விழுந்தால் அது நாடகமேதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வருகிறார். என்ன உத்தி வரப்போகிறது என்று முன்பே தெரிந்துகொண்டு, அதற்கேற்ப உடம்பை முறுக்கி நின்றுவிடுவார். அவரை அசைக்க முடியாது. ஆனால் அதுவும் நேர்மையான தாக்குதல் இல்லை. நிஜமாகத் தாக்க வருகிறவனுக்கு நாம் எந்தப் பக்கம் திரும்புவோம் என்று தெரியாதே. இவருக்குச் சென்சே கொடுத்த மருந்து எளிது. இக்கியோ என்ற உத்தியை அறிவித்துவிட்டு வேறொன்றைச் செய்தார், மனிதர் மேட்டில் கிடந்தார்.

தையல் கடை நடத்தும் ஒரு பெண் சேர்ந்தபோது இந்தத் தயக்கம் இன்னும் கூடியது. ஆண்கள் யாரும் அவர் மணிக்கட்டைச் சரியாகப் பிடிக்கவே இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்: "நல்லா புடிங்கண்ணா. ரோட்ல எவனாவது இப்படிப் பூவாட்டம் வந்து புடிப்பானா?" அதன் பிறகு நான் பிடிக்கத் தயங்குவதில்லை. இப்போது எங்கள் வகுப்பிலேயே நிக்கியோ பிடிப்பதில் அவர் கைதான் ஆபத்தான கை.

நிக்கியோ என்பது மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கி அழுத்தும் பூட்டு. வலி முன்கையில் சுரீரென்று ஏறி, முழங்கால் தானாக மடங்கிவிடும். ஹால் சுவரில் இருக்கும் மொரிஹேய் உவேஷிபாவின் படம் வெள்ளைத் தாடியும் சாந்தமுமாக இருப்பதால், இது ஏதோ மென்மையான யோகா என்று நினைத்துச் சேர்கிறவர்கள் உண்டு. 1883-இல் தனாபேயில் பிறந்த அந்த மனிதர், 1915-இல் ஹொக்கைடோ தீவில் தகேதா சோகாகுவிடம் டைத்தோ-ரியூ ஜுஜுட்சு கற்கத் தொடங்கியவர். மூட்டு மூட்டாகப் பூட்டும் முரட்டுக் கலை அது. எங்கள் இக்கியோ, நிக்கியோ எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. 1931-இல் டோக்கியோவில் கோபுகான் டோஜோவைக் கட்டினார், ஐக்கிடோ என்ற பெயர் நிலைத்தது 1942-இல். 1969-இல் காலமானார். தாடி வைத்த காலத்துப் படத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது.

அந்தப் படத்துக்கு முன்னால் குனிவது ஏதாவது மதச் சடங்கா என்று வகுப்புக்கு மகனை விட வந்த ஒருவர் கவலையோடு கேட்டார். தாத்தா படத்துக்குப் பூ வைக்கிற ஊரில் இதற்கு என்ன பதில் சொல்வது? "வாத்தியாரோட வாத்தியாருங்க" என்றேன். சரி என்று போய்விட்டார்.

வலி தாங்க முடியாதபோது மேட்டையோ உடம்பையோ தட்டினால் எதிராளி உடனே விட்டுவிட வேண்டும். தட்டுவதில் பலருக்கு கௌரவம் குறுக்கே வருகிறது. எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மணிக்கட்டுதான் என் பிழைப்பு, மறுநாள் காலை கை நடுங்காமல் ஊதுகுழல் பிடிக்க வேண்டும். வலி வருவதற்கு முன்பே தட்டிவிடுவேன். அதையும் சென்சே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

கையில் கம்பு கொடுத்த நாள் எனக்குத் திருவிழா. சின்ன வயதில் கொஞ்சம் சிலம்பம் ஆடியவன் நான். ஆனால் ஜோ என்கிற இந்தக் கம்பு சுமார் 128 சென்டிமீட்டர்தான், எனக்கு நெஞ்சுக்கு மேல் வராது. சிலம்பக் கம்பு வளைந்து கொடுக்கும், இது கொடுக்காது. ஜப்பானில் வெள்ளை ஓக் மரத்தில் செய்கிறார்கள். நாங்கள் கருவேலத்தில் கடைசல் பிடித்து வாங்கிக்கொள்கிறோம், கொஞ்சம் கனம், ஆனால் உறுதி. இவாமா கிராமத்தில் 1946 முதல் உவேஷிபாவிடம் இருந்து கற்ற மொரிஹிரோ சாய்தோ, ஜோவின் அடிப்படைகளை 20 தனிப் பயிற்சிகளாகத் தொகுத்தார். முதலாவது நேராகக் குத்துவது, சுழற்சியே இல்லை. சிலம்பம் பழகிய என் மணிக்கட்டுக்கு அதுதான் கஷ்டம். கம்பு கைக்கு வந்தவுடன் சுற்றத்தான் வருகிறது. பின்கை இடுப்போடு ஒட்டி, உடம்பு முன்னால் போவதால் கம்பு போக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளச் சிலம்பக் காலடி உதவியது, கைதான் உதவவில்லை.

ஒரு சனி, ஞாயிறு ஏற்காட்டில் பயிற்சி முகாம் போட்டார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய் இறங்கியபோதே பாதிப் பேருக்குத் தலை சுற்றல். காலை மூடுபனியில் ஒரு பள்ளி மைதானத்துப் புல்லில் ஜோ பயிற்சி. மேட்டில் வழுக்காத கால் அங்கே வழுக்கியது, ஈரத்தில் கம்பும் கைநழுவியது. மூத்தவர்கள் 31 அசைவுகள் கொண்ட ஜோ வரிசையை ஒன்றாகச் செய்து காட்டினார்கள். எனக்கு அதில் முதல் ஆறேழு அசைவுகள்தான் இப்போதைக்கு வருகின்றன. சாயங்காலம் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி. அதற்காகவே அடுத்த முகாமுக்கும் வருவேன் என்று லாரிப் பட்டறைக்காரர் சொன்னார்.

தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையன்களின் கராத்தே வகுப்பில் சில மாதங்களுக்கு ஒரு முறை பெல்ட் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் டோஜோவில் வெள்ளை, அப்புறம் கருப்பு, நடுவில் நிறமே கிடையாது. டோக்கியோ தலைமையகமான ஐக்கிகாயின் விதிப்படி, கருப்பு பெல்ட்டுக்கு முந்தைய படிகளான கியூக்களில் 5-வது கியூ தேர்வுக்கு 30 நாள் பயிற்சி வேண்டும். அடுத்தடுத்து 40, 50, 50, 60, கடைசியில் முதல் டானுக்கு, அதாவது கருப்பு பெல்ட்டுக்கு, 70. எல்லாம் கூட்டினால் 300 நாள். இது காலண்டர் நாள் இல்லை, மேட்டில் இருந்த நாள். வாரம் மூன்று வகுப்பு என்றால் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் என்று கணக்குப் போடலாம், கல்யாண மண்டபம் இல்லாத ஊரில்.

5-வது கியூவில் நான்கு விஷயங்கள்தான் கேட்பார்கள்: தலைக்கு மேலிருந்து வரும் வெட்டுக்கு இக்கியோ, அதே தாக்குதலுக்கு எதிராளியின் பின்பக்கம் நுழைந்து வீழ்த்தும் இரிமி நாகே, மணிக்கட்டுப் பிடிக்கு ஷிஹோ நாகே, மண்டியிட்டபடி செய்யும் கோக்யூ-ஹோ. எனக்கு உகேயாக அந்தக் கல்லூரிப் பையனையே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிடித்தான் பாருங்கள், இரண்டு நாள் விரல் தடம் இருந்தது. தேறிவிட்டேன். இரிமி நாகேயில் பின்னால் போதுமான அளவு நுழையவில்லை என்று சென்சே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது 4-வது கியூவுக்கான நாள்கள் ஓடுகின்றன. வகுப்பு இல்லாத மாலைகளில் நாலைந்து பேர் மூக்கனேரிக் கரைப் பக்கம் கூடி ஜோ மட்டும் பழகுகிறோம், அது கணக்கில் சேராது. இடது தோள் உருளலை வீட்டு மெத்தையில் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன், அனுமதி கிடைக்கவில்லை.