கணப்பை வெளியே வையுங்கள், ஜன்னலைத் திறங்கள்

ஊட்டி, கோத்தகிரி பக்கம் டிசம்பர், ஜனவரி பனியில் புற்றுநோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் செய்வது, ஜன்னலை இறுகச் சாத்திவிட்டுக் கட்டிலருகே கரிக் கணப்பு மூட்டுவது. பாசம்தான். ஆனால் கரிப்புகையில் கலந்துவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நோயாளி சோர்ந்து மயங்குவார். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின்தான் காரணம் என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கூட இருப்பவருக்கும் தலைவலி, குமட்டல் என்றால் கணப்பைச் சந்தேகியுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்பே ஆகாது.

மூச்சுத்திணறுபவருக்கு மலைக்காற்று நல்லதே செய்யும். ஸ்வெட்டர், குல்லா, கம்பளி எல்லாம் போட்டு, முகத்தை மட்டும் விட்டு, ஜன்னலை ஒரு சாண் திறங்கள். மூக்கிலும் கன்னத்திலும் குளிர்காற்று படும்போது மூச்சு முட்டும் உணர்வு தணியும். கையில் பிடிக்கும் சின்ன ஃபேனை அரையடி தள்ளிக் காட்டினாலும் போதும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பவருக்கு சிலிண்டர் இதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றித்தான் வைக்க வேண்டும். மரத்துப்போன காலில் வைக்கவே வேண்டாம். வலிக்காகத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் போட்டிருந்தால் அதன் மேலோ அருகிலோ சூடு படக்கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கி மூச்சையே மந்தமாக்கும். கடும் காய்ச்சலிலும் அதே ஆபத்துதான்.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம்தான். வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால் வலியைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். டாக்டர் எழுதிய நேரத்துக்குக் கொடுங்கள். மார்ஃபின் மலச்சிக்கல் தரும் என்பதால், கூடவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் வேண்டும். குளிரில் தண்ணீர் குடிப்பதும் குறைந்துவிடுவதால் மலம் கல்லாய் இறுகும். பல நாள் போகாதவருக்குத் திடீரென்று நீராகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று மலமிளக்கியை நிறுத்திவிடாதீர்கள். அடைத்திருக்கும் மலத்தைச் சுற்றி வழிவதாகவும் இருக்கலாம். நர்ஸ் பார்த்துச் சொல்லட்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வசதி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மழைக்காலத்தில் துணி காயாது. அரை ஈரப் போர்வையை விரித்தால் படுக்கைப்புண்ணுக்கு நாமே வழிவிட்ட மாதிரி. பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்கடியில் போட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். 2 மணிக்கொரு தரம் புரட்டும்போது முதுகுப்பக்கம் ஸ்வெட்டர் சுருங்கிக் கிடக்கிறதா என்று கையைவிட்டுத் தடவிப் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்.

மண் சரிந்தால் மலைப்பாதை அடைபடும், மார்ஃபினோ எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. ஒரு வாரத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த சீட்டை வாங்கிவிடுங்கள்.