மாவில் தட்டிய கட்டி

விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில், சாமான் உடைந்தால் எல்லாரும் முதலில் சூளையைத்தான் குற்றம் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். நூற்பாலைகளில் நூல் ஓடுவதற்கான வளையங்களை, அலுமினா என்ற அலுமினியம் ஆக்சைடு மாவை அழுத்திச் சூளையில் வேகவைத்துச் செய்துகொண்டிருந்தோம். ஓர் ஐப்பசி மழையில் அனுப்பிய சரக்கு, பொருத்தும்போதே உடைகிறது என்று திரும்பி வந்தது. 1600 டிகிரி போதவில்லை என்று நினைத்து 30 டிகிரி ஏற்றினேன். அடுத்த லாட்டும் உடைந்தது.

அதற்குப் பிறகுதான் முறிந்த முகத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முறிவு தொடங்கிய இடத்தில் ஒரு சின்ன உருண்டை, கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். அதன் ஓரமாகப் பிறைபோல ஓர் இடைவெளி. அடுத்தடுத்த துண்டுகளிலும் அதே பிறை.

அலுமினா உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். சின்டரிங்கில், அதாவது அழுத்திய மாவைச் சூளையில் வேகவைத்து இறுக்கும்போது, அது உருகுவதில்லை. துகளும் துகளும் தொடும் இடத்தில் அணுக்கள் நகர்ந்து, இரண்டும் கழுத்துப்போல ஒட்டி, நடுவிலுள்ள காற்றிடம் மெல்ல மூடும். மாவை அழுத்தும் பிரஸ்ஸில் இருந்து வரும் வளையத்தின் கன அளவில் பாதிக்குச் சற்று மேல்தான் அலுமினா; அதனால் வெந்து முடிவதற்குள் நீளவாக்கில் சுமார் 17 சதவீதம் சுருங்கிவிடும். எல்லா இடமும் சேர்ந்து சுருங்கும்வரை தொல்லையில்லை. நான் பார்த்த உருண்டை, மாவில் தட்டிய ஒரு கட்டி. அதற்குள் துகள்கள் ஏற்கெனவே நெருங்கி உட்கார்ந்திருப்பதால், அது முந்திக்கொண்டு சுருங்கி அக்கம்பக்கத்தை விட்டு விலகும். அந்தப் பிறை அப்படி வந்ததுதான். பல மணிகள் (வெந்து ஒட்டிய துகள்கள்) சூழ்ந்துவிட்ட பெரிய வெற்றிடத்தைச் சூடு மூடாது. நான் ஏற்றிய 30 டிகிரி மணிகளைத்தான் பெரிதாக்கியது.

சுருங்கவே சுருங்காத கடினத் துணுக்கு உள்ளே போனால் கதை நேர்மாறு. சுற்றியுள்ள மாவு சுருங்க வரும், துணுக்கு விடாது. அதைச் சுற்றி இழுவிசை ஏறி, அந்த இடம் சரியாக இறுகாமல் நிற்கும், இல்லாவிட்டால் வெளிநோக்கி விரிசல் ஓடும். ஒரு வளையத்தில் நூல் வடிவத்திலேயே ஒரு துளை இருந்தது. மேசை துடைத்த துணியின் இழை, எரிந்துபோய்த் தன் உருவத்தை மட்டும் விட்டிருக்கிறது.

இத்தனை சின்னது என்று விட முடியாது. முறிவை ஆராய்ந்த கிரிஃபித் என்ற பொறியாளர் 1921-இல் காட்டிய கணக்குப்படி, குறை நான்கு மடங்கு பெரிதானால் தாங்கும் பலம் பாதியாகிவிடும்.

கட்டி எங்கிருந்து வந்தது? பிரஸ்ஸில் வீணானதைக் கரைத்து, ஓவனில் காயவைத்து, பால் மில்லில் (உருண்டைகள் போட்டுச் சுழற்றி அரைக்கும் உருளை) பாதி நேரமே ஓட்டிப் புது மாவோடு கலந்திருந்தோம். ஆர்டர் அவசரம். ஈரம் காயும்போது அந்தத் தண்ணீரே துகள்களை இழுத்து ஒட்டவைத்துவிடும். மாவு ஒட்டி நிற்கச் சேர்க்கும் பைண்டர் வேறு இருந்தால் இன்னும் இறுகும்.

சல்லடை பிடிக்கும் அக்கா அப்போதே சொல்லியிருந்தார்: "தம்பி, மாவு விரல்ல நெறுநெறுங்குது." நல்ல மாவின் மணி தேய்த்தால் நசுங்கிவிடும், இது நசுங்கவில்லை. மழை ஈரம் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

பழைய மாவுக்கும் முழு நேரம் மில் ஓட்டினோம், துடைக்கும் துணியை நுரைப் பஞ்சாக மாற்றினோம், சூளையை 1600-க்கே இறக்கினேன். இப்போது மில்லில் இருந்து வரும் மாவு காய்ந்ததும் முதல் பிடியை அக்காவிடம் நீட்டுகிறேன். அவர் தேய்த்துப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் அது பிரஸ்ஸுக்குப் போகிறது.