நல்ல தண்ணீர்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது கல்லூரி நாட்களைப் பற்றிய கட்டுரை. இல்ல விளையாட்டுப் போட்டி, சரஸ்வதி பூசை, அதிபரின் பிரம்பு பற்றியெல்லாம் எழுதுவதற்கு என்னைவிட ஞாபகசக்தி உள்ளவர்கள் என் வகுப்பிலேயே மூன்று பேர் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். அவர்கள் எழுதட்டும். நான் தேநீரில் தொடங்குகிறேன். கல்லூரி வழியில் வரும்.

காங்கேசன்துறையில் எங்கள் வீடு ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் இடையிலான ஒழுங்கை ஒன்றில் இருந்தது. கொழும்பிலிருந்து புறப்படும் யாழ்தேவிக்கு எங்கள் ஊர்தான் கடைசித் தரிப்பு. சின்ன வயதில் அதை நான் வேறு விதமாக விளங்கி வைத்திருந்தேன்: ரயிலுக்குப் போக இன்னும் ஆசைதான், கடல் குறுக்கே வந்ததால் நின்றுவிட்டது என்று. வளவின் வடக்கு மூலையில் கிணறு. அதன் தண்ணீர் உவர். குளித்தால் தலைமயிர் சடைக்கும். சவர்க்காரம் எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது. ஆனால் நாங்கள் அதைத்தான் குடித்தோம், அதில்தான் சமைத்தோம். அது உப்பு என்று வெளியூர்க்காரர் சொன்னால்தான் எங்களுக்கு ஞாபகம் வரும்.

1988ஆம் ஆண்டு ஆவணி மாதம் நீர்வேலியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நீர்வேலி என்றால் செம்மண், வாழைத்தோட்டம்; ஊர்ப்பெயரிலேயே நீர் இருக்கிறது. அந்த ஊர் ஆட்கள் தண்ணீரை நாக்கில் வைத்தே எந்தக் கிணறு என்று சொல்லிவிடுவார்கள் என்று அம்மா எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அன்று விடியற்காலையில் அண்ணாவைச் சைக்கிளில் அனுப்பி, மாவிட்டபுரத்துப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றிலிருந்து இரண்டு கலன் நல்ல தண்ணீர் எடுப்பித்தார். தேநீர் அதில்தான் போடப்பட்டது. கை கழுவக்கூட அந்தத் தண்ணீரையே விறாந்தையில் செம்பில் வைத்திருந்தார் என்றால் பாருங்கள். வந்தவர்கள் குடித்தார்கள், சிரித்தார்கள், சம்மதம் சொன்னார்கள்.

1989 தையில் கலியாணம். வீடு எனக்குச் சீதனம் என்பதால் இவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் நாள் காலைத் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“தேநீருக்கு உப்புப் போடுவது உங்கள் ஊர் வழக்கமா?”

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது: “தம்பி, இரண்டு கிழமையில் பழகிவிடும்.”

பழகவில்லை. பதினேழு மாதம் அந்த வீட்டில் இருந்தோம். பதினேழு மாதமும் இவர் வேலை முடிந்து வரும்போது சைக்கிள் காரியரில் ஒரு கலன் தண்ணீர் வந்தது. “நல்ல தண்ணீரைக் காட்டி என்னை உவர்க் கிணற்றில் தள்ளிவிட்டார்கள்” என்று இவர் இன்றைக்கும் கலியாண வீடுகளில் சொல்கிறார். புதிய ஆட்கள் சிரிக்கிறார்கள். பழைய ஆட்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

தோட்டக்காரர் மகன் என்பதால் நிலத்தடி நீரைப் பற்றி இவருக்கு ஒரு பாடமே தெரியும். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குகிறது. இறங்கிய நல்ல தண்ணீர், கீழே இருக்கும் கடல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே ஏறிவரும். கீரிமலையில் கடலை ஒட்டியே நல்ல தண்ணீர் ஊறுவதும் அந்தக் கல்லின் வழியாகத்தான். இதை எங்கள் முதல் சண்டையின் நடுவில் இவர் எனக்கு விளக்கினார். “அளவோடு இறைக்க வேண்டும்” என்று முடித்தார். தண்ணீரைத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

உப்பு எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் தின்றது. ஜன்னல் கம்பிகளைத் தின்றது, படலையின் பிணைச்சலைத் தின்றது. அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தில் குந்தியிருந்து, தேங்காயெண்ணெய் தோய்த்த பழந்துணியால் சைக்கிளைக் கம்பி கம்பியாகத் துடைப்பார். அப்படியிருந்தும் மட்கார்டில் துரு பொட்டுப் பொட்டாக வரும். வாடைக்காற்று தொடங்கினால் உப்புச் சாடிக்குள் உப்புக் கரைந்து கஞ்சியாகிவிடும். அம்மா விரலால் வழித்துக் கறிக்குள் தட்டுவார். கொடியில் போட்ட உடுப்பு இரண்டு நாளானாலும் ஈரம் போகாமல் பிசுபிசுக்கும்.

காற்று என்றதும் கல்லூரி வந்துவிட்டது. எங்களுக்குப் புவியியல் படிப்பித்த ஆசிரியை பருவக்காற்றுப் பாடத்துக்குப் புத்தகத்தைத் திறக்கவில்லை. எங்களை வெளியே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்ணை மூடச் சொல்லி, காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று கேட்டார். வடகிழக்கிலிருந்து வந்தால் வாடை. தென்மேற்கிலிருந்து வந்தால் சோளகம். கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கண்ணைத் திறக்காமலே சொன்னார்கள். அன்றைக்கு வகுப்பில் முதலாம் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. கார்த்திகையில் வாடை தொடங்கினால் எங்கள் வடகடல் கரைபுரண்டு கத்தும். சோளகத்தில் அதே கடல் தட்டில் ஊற்றிய பால்போலக் கிடக்கும். சோளக நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் சப்பாத்தோடேயே தண்ணீரில் இறங்குவோம். வீட்டுக்கு வந்து காய்ந்த பிறகு கறுப்புச் சப்பாத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று எழும். அம்மா ஏசுவதற்கு அந்தக் கோடே சாட்சி.

1990 ஆனி. சண்டை தொடங்கி, ஊரே எழும்பி நடந்தது. இரண்டு நாளில் திரும்பி வருவோம் என்று நினைத்துத்தான் எல்லோரும் கதவைப் பூட்டினார்கள். அப்பா திறப்பை மடியில் கட்டிக்கொண்டார். அதைப்பற்றி நம் சங்க மலர்களில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

நடந்து போய்ச் சேர்ந்தது நீர்வேலியில் இவர் வீட்டுக்கு. மாமி மூக்குப்பேணியில் தேநீர் தந்தார். குடித்தேன். சப்பென்று இருந்தது. வெந்நீரில் சீனி கரைத்த மாதிரி, அடியில் ஏதோ இல்லாத மாதிரி. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, சாடியிலிருந்து இரண்டு விரலால் உப்புக் கிள்ளித் தேநீரில் போட்டேன். நிமிர்ந்தால் மாமி வாசலில் நிற்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு இவரிடம் மட்டும், “அந்தப் பிள்ளைக்கு மனம் சரியில்லை, கவனமாகப் பார்த்துக்கொள்” என்று சொல்லியிருக்கிறார். இவர் அதை எனக்குச் சொன்னது ஆறு வருடம் கழித்து, ஸ்காபரோவில்.

1991இல் இவர் கனடாவுக்குப் போனார். 1993இல் நான் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்து, கொழும்பு வந்து, விமானம் ஏறினேன். ஸ்காபரோவில் பத்தாம் மாடியில் ஓர் அறை. இவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. காலை ஏழு மணிக்கு அடுக்களை மேசையில் சந்திப்போம்: இவருக்கு அது இராச்சாப்பாடு, எனக்குக் காலைச் சாப்பாடு. நடுவில் இரண்டு கோப்பைத் தேநீர். கனடாவில் எங்கள் குடும்ப வாழ்க்கையின் முதல் ஐந்து வருடமும் அந்த இருபது நிமிடத்துக்குள் நடந்ததுதான். மகள் பிறந்ததுகூட எனக்கு அந்த மேசையின் இரண்டு ஓரங்களுக்கு இடையில்தான் ஞாபகம் இருக்கிறது.

நான் வந்த முதல் கோடையில் இவர் என்னை ஒன்ராறியோ ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைச் செங்குத்துப் பாறை, கீழே கண்ணுக்கெட்டும் தூரம்வரை தண்ணீர், அலைகூட அடிக்கிறது. நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். மணம் இல்லை. பாசி இல்லை, கருவாடு இல்லை, ஒன்றும் இல்லை. இவர் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்.

“உலகத்திலேயே நல்ல கடல் இதுதான்” என்றார். “உப்பே இல்லை.”

நான் அழுதுவிட்டேன். இவர் பயந்துபோய், “நீர் ஏன் அழுகிறீர்? நான் பகிடிக்குச் சொன்னேன்” என்று வழி முழுவதும் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார்.

உப்பு மார்கழியில் வந்தது. பனி விழுந்ததும் நகரசபை வண்டிகள் தெருவெல்லாம் உப்பைக் கொட்டின. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். காய்ந்ததும் கறுப்புத் தோலைச் சுற்றி வெள்ளைக் கோடு. அந்தக் கோடேதான். நான் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மூன்று வருடத்தில் நாங்கள் முதன்முதலாக வாங்கிய பழைய காரின் சக்கர வளைவுகளை அந்த உப்புத் தின்று ஓட்டையாக்கியது. “நீர் கேட்ட உப்புத்தானே” என்றார் இவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் தரிப்பிடத்தில் அவர் எண்ணெய்த் துணியோடு குந்தியிருந்ததைப் பத்தாம் மாடியிலிருந்து பார்த்தேன். அப்பாவின் முதுகு மாதிரியே இருந்தது. இதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

2014இல் கலியாணமாகி இருபத்தைந்து வருடம். இவருக்கு நயாகரா போதும். நல்ல தண்ணீர், இரண்டு மணி நேரத்தில் வீடு. நான் கடலுக்குத்தான் போவேன் என்று நின்றேன். நியூஃபவுண்ட்லாந்துக்கு விமானம் ஏறினோம். கேப் ஸ்பியர் என்ற முனையில், அதாவது கனடாவின் கிழக்குக் கோடியில், காரின் கதவைத் திறந்ததுமே மணம் வந்து மூக்கில் அடித்தது. உதட்டை நக்கினேன். உப்பு. குளிர்ந்த உப்பு, ஆனால் உப்பு. என் கன்னத்தில் பட்ட காற்று எந்தத் திசை என்று கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தேன். இவர் என் குளிரங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அலை வரும் பாறைக்குப் போய்விடுவேனோ என்று.

மறுநாள் தெற்கே காரில் போனோம். செயின்ட் ஷொட்ஸ் என்னும் சிறு ஊருக்கு அப்பால் உள்ள கடலில்தான் 1986 ஆவணியில் அகதிகளாக வந்த 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மூடுபனிப் புகாருக்குள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்ட்டன் என்ற மீனவர் தம் வள்ளத்தோடு வந்து அவர்களைக் கண்டார். நாங்கள் போன அன்றும் புகார் மூடியிருந்தது. கடல் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. நாங்கள் பத்து நிமிடம் பேசாமல் நின்றோம்.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரி எழுபது வயது கடந்தவர், மீனவரின் மனைவி. 1992 ஆடியில் கொட் மீன் பிடிப்பதை அரசு தடை செய்தபோது அவருடைய கணவர் வலையை மடித்து வைத்தவர்தானாம். “கடல் அங்கேயே இருக்கிறது, போக முடியாது” என்றார். எனக்கு மயிலிட்டி மீன்பிடித் துறைமுகமும் எங்கள் துறையும் கண்ணுக்குள் வந்தன. எங்கள் ஆட்களுக்குக் கடல் மூடப்பட்டது 1990இல், காரணம் வேறு. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைச் சொன்னேன். அவர் எழும்பிப்போய், உப்பிட்டுக் காயவைத்த மீனை ஊறவைத்த சட்டியைக் கொண்டுவந்து என் மூக்கடியில் பிடித்தார். கருவாடேதான்! அன்றிரவு இரண்டு கிழவிகளும் கருவாட்டின் உப்பை எத்தனை தண்ணீரில் எடுப்பது என்று பத்து மணிவரை வாதாடினோம். இவர் தொலைக்காட்சிக்கு முன்னால் உறங்கிவிட்டார்.

2018 ஆடியில் ஊருக்குப் போனோம். கொழும்பிலிருந்து யாழ்தேவி. 1990இல் நின்ற சேவை 2015 தையில் மறுபடி காங்கேசன்துறைவரை வரத் தொடங்கியிருந்தது. கடைசித் தரிப்பில் இறங்கினேன். தண்டவாளம் அங்கேயே முடிந்தது, எனக்கு அதில் ஒரு திருப்தி. கல்லூரிக்குப் போனேன். 2016இல் அது தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. மைதானத்தில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு இது என்ன காற்று என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “சோளகம், அன்ரி” என்றாள்.

இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் காணியும் விடப்பட்டிருந்தது. வீடு இல்லை. அத்திவாரம் எது, முற்றம் எது என்று பற்றைக்குள் தேட வேண்டியிருந்தது. குசினிப் படி ஒன்று தனியாகக் கிடந்தது. ஆனால் கிணறு இருந்தது. முன்பே ஊர் திரும்பியிருந்த சின்னம்மாவின் மகன் நாங்கள் வருகிறோம் என்று அறிந்து, இரண்டு நாள் மோட்டார் பூட்டி இறைத்து, தொட்டியையும் தேய்த்து வைத்திருந்தான். புது வாளி, புது நைலோன் கயிறு.

இவர்தான் அள்ளினார். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கிணற்றுக்கட்டில் கால் வைத்து, நீர்வேலிக்காரர் அள்ளும் விதமாக, ஒரு சொட்டும் சிந்தாமல். கையில் ஊற்றி ஒரு மிடறு குடித்தார். நாக்கைச் சுழற்றினார். மறுபடி ஒரு மிடறு. இருபத்தெட்டு வருடம் ஒருவரும் இறைக்காத கிணறு, உப்புக் கீழே இறங்கியிருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன்.

“அப்படியேதான் இருக்கிறது” என்றார். “மாமி அன்றைக்கு இதைத்தான் தந்திருக்க வேண்டும்.”

“தந்திருந்தால்?”

“யோசித்திருப்பேன்.”

ஒழுங்கை முனையில் வான்காரன் இரண்டாம் தரமும் ஹோர்ன் அடித்தான். நீர்வேலியில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். இவர் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொண்டுவந்த வெறும் போத்தலில் நிரப்பி, மூடியை இறுக்கி, என் கையில் தந்தார்.

“தேநீருக்கு” என்றார்.