நடுக்குரல்காரி பொழப்பு

மேற்கத்திய பாட்டுல பொம்பளைங்களோட நடுக்குரலுக்கு மெஸ்ஸோ சொப்ரானோன்னு பேரு, என்னோடது அதுதான். அப்படின்னா என்னன்னு யாராவது கேட்டா, கதாநாயகி தவிர மத்த எல்லாரும்னு சொல்லிடுவேன். ஆபெரால, அதாவது பாட்டாவே நடக்கற நாடகத்துல, காதலிச்சு சாகறது பெரும்பாலும் உச்சக்குரல்காரி சொப்ரானோதான், நமக்கு சூனியக்காரி, வில்லி, தோழி, இல்லன்னா பேன்ட் போட்ட பையன். கார்மென் ஆபெரா மாதிரி தலைப்புலயே நம்ம ஆளு வர்றது ரொம்ப கம்மி, அதுக்கு நிக்கற வரிசையப் பத்தி பேசவே வேணாம்.

எனக்கு அதிகமா கிடைச்சது பையன் வேஷம். மோட்சார்ட்டோட ஃபிகாரோ ஆபெரால கெருபினோன்னு ஒரு பையன், அவனுக்கு ரெண்டாவது அங்கத்துல பொம்பள டிரஸ் மாட்டி விடுவாங்க, அப்ப பொம்பளையான நான், பொம்பள டிரஸ்ல தடுமாறுற பையனா நடக்கணும். பாட்டு சீக்கிரம் வந்துடுச்சு, அந்த நடைதான் வரல.

எல்லாம் பாடுவாங்கன்னு பேரு இருக்கறது பெருமைதான், ஆனா வாடகை கட்டறதுக்காக வந்த பழக்கம் அது. ஒரு வாரம் பாஹ் எழுதின பாட்டு, பழைய வாத்தியங்களோட, அவங்க சுருதி சேக்கற ஏ சுரத்த 415 ஹெர்ட்ஸ்ல வைப்பாங்க. அடுத்த வாரம் மாடர்ன் ஆர்க்கெஸ்ட்ரா, 440. பேப்பர்ல அதே நோட்டுதான், ஆனா கீழ்க்குரல் மேல்குரலா மடங்குற இடம் அரை சுரம் முன்னாடியே வந்து நிக்கும், ரெண்டு நாளைக்கு தொண்டை குழம்பிப் போயிடும்.

இதெல்லாம் கூட பரவால்ல, பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பொனிதான் சோதனை. பாட்டு நாலாவது பகுதிலதான், முதல் மூணு பகுதி முக்கா மணி நேரம், மேடை லைட்டுல சும்மா உக்காந்திருக்கணும், இரும முடியாது, வாயை மூடிக்கிட்டே கொட்டாவி விட்டு, நாக்கு நுனிய கடிச்சு எச்சில் வரவச்சு சமாளிக்கணும். அப்புறம் கனமான ஆம்பளைக் குரல்காரர் பாரிட்டோன் எழுந்து ஹாலையே அதிர வைப்பார், மேல் ஸ்தாயி ஆம்பளைக் குரலான டெனருக்கும் தனியா ஒரு இடம் இருக்கு, சொப்ரானோ உச்சிக்கு போவாங்க, பொம்பளைக் குரல்ல கீழ் வரிசையான, நான் பாடற ஆல்ட்டோவுக்கு மட்டும் தனியா ஒரு வரி கூட கிடையாது! முதல் தடவை நான் எழுந்து வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வந்துச்சு. யாருமே கவனிக்கல. நிம்மதியாவும் இருந்துச்சு, எரிச்சலாவும் இருந்துச்சு.

1824ல வியன்னால முதல் தடவை இத பாடின ஆல்ட்டோ கரோலின் உங்கர், 20 வயசு. காது கேக்காம ஆடியன்ஸுக்கு முதுகு காட்டி நின்ன பீத்தோவன, கைதட்டறத பாக்கட்டும்னு திருப்பி விட்டது அவங்கதான்னு சொல்வாங்க. மேடைல நமக்குன்னு யாரும் எழுதி வைக்காத வேலையும் இருக்குன்னு அப்பதான் தோணுச்சு எனக்கு.

அடுத்த மாசம் மறுபடி ஒன்பதாவதுதான். ரெண்டாவது பகுதி முடிஞ்சதும் உள்ள வந்தா போதும்னு கண்டக்டர் சொல்லிட்டார், கால்ல விழாத குறை.