ஒருவழியா அயர்லாந்தோட மேற்குப் பக்கம் இருக்குற கனமாரா வந்தாச்சு

கால்வே நகரத்துல இருந்து கிளிஃப்டன் ஊருக்கு கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் தான், ஆனா மேப் காட்டுற நேரத்தை நம்பி மட்டும் கிளம்பாதீங்க மக்களே. உக்டரார்ட் தாண்டுனதும் ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் ட்வெல்வ் பென்ஸ் மலை, நடுரோட்டுல முதுகுல நீலமும் சிவப்புமா பெயின்ட் அடிச்ச ஆடுங்க, ஹாரன் அடிச்சா திரும்பிக்கூட பாக்காதுங்க. மலையில வேலி இல்லாம மேயுறதால எது யாரோடதுன்னு தெரியத்தான் அந்த பெயின்ட்டாம்.

காட்டேஜுக்குத் திரும்புற சின்ன ரோடு இருக்கே, ரெண்டு பக்கமும் கல்லடுக்குச் சுவர், நடுவுல புல்லு, எதிர்ல ஒரு டிராக்டர் வந்தா ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்தே ஆகணும்! அந்த டிராக்டர் தாத்தா ஸ்டீயரிங்ல இருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினார், அவ்ளோதான் வணக்கம் நன்றி எல்லாமே.

வர்ற வழியில டெரிகிம்லாவும் பாத்தோம். 1919 ஜூன்ல அல்காக்கும் பிரவுனும் விமானத்துல அட்லாண்டிக்கை எங்கயும் நிக்காம தாண்டி வந்து இறங்குன இடம். மேல இருந்து பாத்தா நல்ல பச்சை மைதானமாட்டம் தெரிஞ்சிருக்கு, இறங்குனா சதுப்பு, விமானம் மூக்கு குத்தி நின்னுடுச்சு. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல.

அந்த மாதிரி சதுப்புல வெட்டிக் காயவச்ச மண்கட்டிதான் (பீட்னு சொல்வாங்க) இப்ப காட்டேஜ் அடுப்புல எரியுது, ஸ்வெட்டர் எல்லாம் புகை வாசம், எனக்குப் புடிச்சிருக்கு, வீட்டுக்காரருக்குத் தும்மல்.

ராத்திரி மணி பத்தாகுது, வெளியில இன்னும் வெளிச்சம். பசங்களை எப்படிங்க தூங்க வைக்கிறது??