0.01 கீழே

ஒரு லேத்தை (கடைசல் இயந்திரம்) அளந்து சோதித்து முடித்ததும், "0.02 மி.மீ.-க்குள்ளதானே சார் இருக்கு?" என்று பையன் கேட்டான். "இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அளவு சரிதான். திசை தப்பு. மெஷினின் துல்லியத்தைச் சோதிக்கும் ஷ்லெசிங்கர் அட்டவணைப்படி, ஸ்பிண்டிலில் (லேத்தின் சுழலும் தண்டு) செருகிய மேன்ட்ரல் என்ற சோதனைத் தண்டின் நுனி 300 மி.மீ. தள்ளி 0.02 வரை ஏறியிருக்கலாம், இறங்கக் கூடாது. இந்த லேத்தில் 0.01 இறங்கியிருந்தது.

அளந்த விதத்தில் குறை இல்லை. மேன்ட்ரல் செருகும் கூம்புத் துளையைத் துடைத்து, டூலைத் தாங்கி நகரும் கேரேஜில் டயல் கேஜ் (நுண் அளவுமானி) வைத்து மேன்ட்ரல் நெடுக ஓட்டினோம். ஸ்பிண்டிலை அரைச்சுற்று திருப்பி மறுபடி ஓட்டிச் சராசரி எடுத்தோம். அப்போதுதான் மேன்ட்ரலின் சொந்தக் கோணல் கழியும்.

என் பக்கமும் நியாயம் உண்டு. செங்குத்துப் பிழை விட்டத்தை அநேகமாகத் தொடாது. 40 மி.மீ. விட்டத்தில் டூல் முனைக்கும் மையத்துக்கும் 0.01 உயர வித்தியாசம் வந்தால், ஆரம் மாறுவது 0.0000025 மி.மீ. அதே 0.01 கிடைமட்டத்தில் என்றால் விட்டத்தில் நேராக 0.02 டேப்பர் (கூம்புச் சரிவு) விழும். அதை ஒருநாளும் விட்டிருக்க மாட்டேன். மெஷினும் குளிர்ந்துதான் இருந்தது. முன் பேரிங் சூடேறினால் ஸ்பிண்டில் மூக்கு கொஞ்சம் எழும்பும்.

ஆனால் சூடேற்றிவிட்டு அளந்திருக்கலாமே? அரைமணி நேர வேலை. நுனி ஏறியிருக்கச் சொல்வது ஜாபின் (கடையும் பொருள்) எடையும் அதைப் பிடிக்கும் சக்கின் எடையும் நுனியைக் கீழே இழுக்கும் என்பதற்காக. ஏற்கெனவே இறங்கிய நுனி இன்னும் இறங்கும்.

இந்த விதிகளை வகுத்த கியோர்க் ஷ்லெசிங்கர் பட்டறை நிலவரம் தெரியாதவர் அல்ல. பெர்லினில் லுட்விக் லோவே ஆலையின் வடிவமைப்பாளர். துளைக்கும் தண்டுக்கும் இடையிலான ஃபிட் பற்றி ஆராய்ந்து முனைவரானார். 1904-ல், 30 வயதில், ஷார்லோட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் மெஷின் டூல் பேராசிரியர். ஜெர்மனியில் உற்பத்திப் பொறியியல் பேராசிரியர் பதவிக்குத் தொழிற்சாலை அனுபவத்தை இன்றும் எதிர்பார்க்கிறார்கள். அந்த வழிக்கு அவர் நல்ல முன்னோடி. மெஷின் சோதனை நூல் 1927-ல் வந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே எண்ணைப் பார்த்து ஒரே முடிவுக்கு வர அது வழி செய்தது. யூதர் என்பதால் 1933-ல் கைதாகிப் பதவியிழந்தார். பிரஸ்ஸல்ஸ், பிறகு இங்கிலாந்தில் லஃப்பரோ என்று நாடு மாறியும் ஆராய்ச்சியை விடவில்லை. 1949-ல் இறந்தார்.

அவர் இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார் என்று ஒரு நாள் தோன்றுகிறது. விட்டத்தில் ஒன்றும் வராத பிழைக்கு ஒரு மெஷினை நிறுத்தவா அவர் அட்டவணை போட்டார் என்று மறுநாள் தோன்றுகிறது.

படிவத்தில் பையன் 0.01 என்று மட்டும் எழுதியிருந்தான். முன்னால் கழித்தல் குறி போடச் சொல்லி நான் சொல்லவில்லை.